எட்டாவது மணி நேரத்துக்காகச் செய்த வண்டி

பென்ட்லி கார் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" மணிக்கு 318 கிலோமீட்டர் என்று சொல்லலாம். அது சரியான பதில்தான். ஆனால் அதை வைத்துக் கேட்டவருக்கும் ஒன்றும் புரியப்போவதில்லை. அந்த வேகத்தை நான் தொட்டதில்லை, தொட வேண்டும் என்ற ஆசையும் இல்லை. காலையில் புறப்பட்டு எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது இடுப்பு எப்படி இருக்கிறது, கண் எரிகிறதா, இறங்கியதும் ஊரைச் சுற்றிப் பார்க்கத் தோன்றுகிறதா, கட்டிலைத் தேடுகிறதா? கிராண்ட் டூரர், அதாவது நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்கிற வகை வண்டியைப் பற்றிக் கேட்க வேண்டியது இவற்றைத்தான். அந்த வகையே இதற்காகப் பிறந்தது.

என்னுடையது 2005-ல் பதிவான கான்டினென்டல் ஜிடி. முதல் தலைமுறை, 6 லிட்டர் டபிள்யூ12 எஞ்சின், வெளியே அடர் நீலம், உள்ளே இளம்பழுப்புத் தோல். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நார்த்தாம்ப்டனுக்குப் பக்கத்தில். இந்த மாடல் 2003-ல் வந்தபோது விலை 1,10,000 பவுண்டு. இன்று சுமாரான நிலையில் உள்ள ஒன்று இருபதாயிரத்துக்கும் கீழே கிடைக்கிறது. ஒரு நல்ல குடும்பக் காரின் விலைக்குப் பென்ட்லியா என்று பலருக்கும் ஆசை வரும். அந்த ஆசை வந்தவர்களுக்காகவும், ஏற்கெனவே வாங்கி அதைத் துணி போர்த்தி வைத்திருப்பவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

விலை ஏன் இப்படி விழுந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1998-ல் ஃபோக்ஸ்வேகன் குழுமம் பென்ட்லியையும் க்ரூ நகரத் தொழிற்சாலையையும் 43 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 1938-ல் மெர்லின் விமான எஞ்சின் செய்வதற்காகக் கட்டிய தொழிற்சாலை அது. போருக்குப் பின் 1946-லிருந்து அங்கே கார் செய்கிறார்கள். ஃபோக்ஸ்வேகன் உள்ளே வந்த காலத்தில் பென்ட்லி வருடத்துக்கு ஆயிரம் வண்டி விற்பதே பெரும்பாடாக இருந்தது. கான்டினென்டல் ஜிடி வந்த பிறகு 2007-ல் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். ஒரு கம்பெனியைத் தனியாகத் தூக்கி நிறுத்திய மாடல் என்றால் இதுதான். அவ்வளவு வண்டிகள் செய்ததால் அபூர்வம் என்ற மதிப்பு போய்விட்டது. பராமரிப்புச் செலவைப் பார்த்து மிரண்டு இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர்கள் கைமாற்றினார்கள். விலை சரிந்தது. வண்டி மட்டும் அதே வண்டிதான்.

இந்த வகையின் வேரைப் பார்க்க வேண்டுமானால் 1930-க்குப் போக வேண்டும். பென்ட்லி கம்பெனியின் தலைவராக அப்போது இருந்தவர் வுல்ஃப் பார்னேட்டோ. பணக்காரர், நல்ல ஓட்டுநர். 1928, 29, 30 என்று தொடர்ந்து மூன்று வருடம் லெ மான் 24 மணி நேரப் போட்டியை வென்றவர். பிரான்சின் தென்கரையிலிருந்து வடக்கே காலே வரை ஓடிய 'நீல ரயில்' அந்தக் காலத்தில் வேகத்துக்குப் பெயர்போனது. கான் நகரிலிருந்து ரயிலும் தானும் ஒரே நேரத்தில் புறப்பட்டால், ரயில் காலே போய்ச் சேருவதற்குள் தான் லண்டனுக்கே போய்விட முடியும் என்று 100 பவுண்டு பந்தயம் கட்டினார் பார்னேட்டோ. 1930 மார்ச் மாதம். இரவு முழுக்க மழை, மூடுபனி, வழியில் டயர் பஞ்சர். கப்பலில் கால்வாயைக் கடந்து, லண்டனில் தன் கிளப் வாசலில் வண்டியை நிறுத்தியபோது ரயில் காலே வந்து சேர இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. அந்த ஓட்டத்தை வரைந்த ஓவியங்களிலும் பத்திரிகைப் படங்களிலும் பல காலமாக இடம்பெற்றது, கூரை சரிந்து இறங்கும், இரண்டு கதவுள்ள அழகான ஒரு கூபே. ஆனால் அந்தக் கூபே அந்த மார்ச் மாதத்தில் கட்டி முடிக்கப்படவே இல்லை. பார்னேட்டோ ஓட்டிப்போனது சதுரமான, நான்கு கதவுள்ள ஒரு சலூன் கார். மக்கள் மனதில் நின்றது கூபேதான். தூரத்தைத் தின்னும் வண்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்த உருவத்தைப் பார்த்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த வருடமே கம்பெனி நொடித்துப்போய் ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போனது.

அந்தக் கற்பனைக்கு உண்மையில் உருவம் கொடுத்தது 1952-ன் ஆர்-டைப் கான்டினென்டல். ஐவன் எவர்ன்டனும் ஜான் பிளாட்ச்லியும் வடிவமைத்தது. முன்மாதிரி வண்டிக்கு அதன் நம்பர் பிளேட்டை வைத்து 'ஓல்கா' என்று செல்லப்பெயர். 1951-ல் பாரிசுக்கு வெளியே மான்லேரி ஓடுதளத்தில் அது மணிக்கு 190 கிலோமீட்டரை ஒட்டி ஓடியது. நான்கு பேர் உட்காரும் வண்டிகளில் அன்று அதைவிட வேகமானது கிடையாது. அவர்கள் பட்ட பெரிய கவலை எஞ்சினைப் பற்றியல்ல, டயரைப் பற்றி. அந்த வேகத்தில் அந்த எடையைத் தாங்கும் டயர் அன்றைக்கு இல்லை. அதனால் உடலை அலுமினியத்தில் செய்தார்கள், சீட்டை மெலிதாக்கினார்கள், கிடைத்த இடத்திலெல்லாம் எடையைக் குறைத்தார்கள். மொத்தம் 208 வண்டிகள். பின்சக்கரத்துக்கு மேலே புடைத்து நிற்கும் தோள், அதை நோக்கிச் சரியும் கூரை: இந்த இரண்டு கோட்டையும் 2003 கான்டினென்டல் ஜிடி அப்படியே எடுத்துக்கொண்டது. என் வண்டியைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஆர்-டைப் தெரியும். மற்ற எதைப் பற்றிச் சண்டை போட்டாலும் அந்தத் தோளைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

எடையைக் குறைக்கும் பழக்கத்தை மட்டும் புது வண்டி கைவிட்டுவிட்டது. 2,385 கிலோ. கூபே என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றுக்கு இது அபாரமான எடை. ஃபோக்ஸ்வேகனின் ஃபேட்டன் காரோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டது, நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போவது, கதவிலும் தரையிலும் சத்தத்தை அடக்கப் போட்ட அடுக்குகள், எல்லாமாகச் சேர்ந்து வந்த கனம். இதை நிறுத்த முன்சக்கரத்தில் 405 மில்லிமீட்டர் பிரேக் டிஸ்க் போட்டார்கள். அன்று விற்பனையில் இருந்த கார்களிலேயே பெரிய டிஸ்க் அது. சின்னக் கார்களில் வரும் 16 அங்குல ரிம் இருக்கிறதே, அதன் விட்டம்.

டபிள்யூ12 எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியின் சுகமும் செலவும் இரண்டுமே அங்கிருந்துதான் வருகின்றன. ஃபோக்ஸ்வேகனிடம் ஆறு சிலிண்டரை 15 டிகிரி இடைவெளியில் நெருக்கி வைத்த குறுகலான எஞ்சின் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அப்படிப்பட்ட இரண்டு வரிசைகளை 72 டிகிரியில் சேர்த்து, ஒரே கிராங்க்‌ஷாஃப்டில் கோத்தார்கள். பன்னிரண்டு சிலிண்டர், ஆனால் நீளம் ரொம்பக் குறைவு. அதனால்தான் நான்கு சக்கர இயக்கத்துக்கு வேண்டிய சாமானுக்கும் முன்னால் இடம் கிடைத்தது. இரண்டு டர்போ. 560 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி. ஆனால் ஓட்டுபவருக்கு முக்கியமான எண் அதுவல்ல: 650 நியூட்டன் மீட்டர் இழுவிசை, அதுவும் 1,600 ஆர்பிஎம்-மிலேயே, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே, முழுசாக வந்துவிடுகிறது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட கியர் இறங்க வேண்டியதில்லை. எஞ்சின் குரலை உயர்த்துவதில்லை. கால்விரலை லேசாக அழுத்தினால் வண்டி முன்னால் போய்விட்டிருக்கும். ஒரு தடவை தாண்டுவதில் இது பெரிதாகத் தெரியாது. நாள் முழுக்க ஓட்டும்போது நூறு தடவை தாண்டுகிறோம், நூறு தடவை வேகத்தைக் குறைத்து மறுபடி எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஓட்டுநரிடமிருந்து ஒரு சின்ன முயற்சி மிச்சமாகிறது. களைப்பு என்பது இந்தச் சின்ன முயற்சிகளின் கூட்டுத்தொகை என்பதை இந்த வண்டியில்தான் நான் உடம்பால் உணர்ந்தேன். அதனால்தான் இதை டீலர் ஷோரூமிலிருந்து எடுத்து ரவுண்டானா வரை ஓட்டிப் பார்ப்பவர்கள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். ஸ்டியரிங் விறுவிறுப்பாக இல்லை, சத்தம் ரத்தத்தைச் சூடாக்கவில்லை, பாரமாக இருக்கிறது என்பார்கள். பத்து நிமிடத்தில் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

போன வருடம் ஜூன் மாதம் லெஸ்டரில் இருக்கும் ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு பிரான்சு போனேன். என்னைவிட வயதில் சின்னவர். இந்த வண்டி வாங்கியதிலிருந்து, "அண்ணா, இந்தக் காசுக்கும் செலவுக்கும் புது எலக்ட்ரிக் வண்டியே எடுத்திருக்கலாமே, எதுக்கு இந்தப் பழசு?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பவர். விடிவதற்குள் கிளம்பி ஃபோக்ஸ்டன் போய், காரை ஏற்றிக்கொள்ளும் ரயிலில் கால்வாயைக் கடந்தோம். கடலுக்கு அடியில் 35 நிமிடம். அகலமான வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த ரயில் பெட்டிக்குள் ஓட்டிப்போவதுதான் முழுப் பயணத்திலும் கடினமான வேலை. இரண்டு பக்கமும் உயர்ந்து நிற்கும் விளிம்பில் அலாய் வீல் உரசாமல் போக வேண்டும்.

காலேயில் வெளியே வந்ததும் ஏ26. பிரெஞ்சுக்காரர்கள் இதை இங்கிலீஷ்காரர்களின் நெடுஞ்சாலை என்றே சொல்கிறார்கள், அவ்வளவு பேர் இங்கிருந்து போகிறோம். அனுமதித்த வேகம் 130, மழை பெய்தால் 110. க்ரூஸ் கன்ட்ரோலை 130-ல் போட்டுவிட்டால் எஞ்சின் இருப்பதே தெரியாது. நம்முடையது வலப்பக்க ஸ்டியரிங், டோல் பூத் இடப்பக்கம். ஆகவே டோல் கட்டும் பொறுப்பு நண்பருக்கு. கோதுமை வயல்கள், காற்றாலைகள், மறுபடி கோதுமை வயல்கள். வடக்கு பிரான்சில் அழகு என்று சொல்ல அதிகம் இல்லை. மனம் பேச்சில் இருக்கிறது, வண்டி தானாகப் போகிறது. சஸ்பென்ஷனில் நான்கு நிலை உண்டு. இந்தச் சாலையில் நான் வைப்பது மிக மென்மையான நிலைக்கு ஒன்று முன்னால். முழு மென்மையில் விட்டால் நீண்ட அலைமேடுகளில் மூக்கு கொஞ்சம் ஏறி இறங்குகிறது, பின்னால் உட்கார்ந்தவருக்கு வயிற்றைப் பிரட்டும்.

ரீம்ஸ் தாண்டும்போது நெடுஞ்சாலையை விட்டு இறங்கி க்யூ கிராமத்துக்குப் போனோம். 1966 வரை பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ நடந்த பழைய ஓடுதளம் அது. இன்று சாதாரணக் கிராமத்துச் சாலை. சாலையின் ஓரத்தில், வயலுக்கு நடுவே, பந்தயக் கார்களை நிறுத்திக் கவனிக்கும் பழைய பிட் கட்டடங்களும் பார்வையாளர் மேடையும் வெள்ளைச் சுவரில் எழுதிய விளம்பரங்களோடு அப்படியே நிற்கின்றன. நாங்கள் போனபோது ஒரு டிராக்டர்தான் கடந்து போனது. பிட் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி, நான்கு கண்ணாடியையும் இறக்கினேன். இந்தக் கூபேயில் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் தூண் கிடையாது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே திறப்பு. கூரை மட்டும் மேலே மிதப்பதுபோல் இருக்கும். இப்படித் தூணில்லாமல் செய்ய உடலுக்குக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும், எடையும் செலவும் ஏறும். நடைமுறை லாபம் ஏதும் இல்லை. அழகுக்காக மட்டும் ஒருவர் எடுத்த முடிவு அது, அதை நான் ரொம்ப மதிக்கிறேன்.

அங்கிருந்து த்ருவா, லாங்ர், திஜோன் வழியாகப் போன் நகரம். காலேயிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். 90 லிட்டர் டேங்க். இந்த வண்டியை நகரத்தில் ஓட்டினால் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஒரே சீராக நெடுஞ்சாலையில் ஓடினால் பன்னிரண்டு பதின்மூன்றில் நிற்கும். அதாவது டேங்கை நிரப்பிக் காலேயில் கிளம்பினால் போன் வரை போய்விடலாம். இந்தக் கணக்கே வண்டியின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போய்வருகிறவருக்கு இது பெட்ரோலையும் பணத்தையும் விழுங்கும். நாட்டைத் தாண்டிப் போகிறவருக்கு அது ஏதோ ஒரு நியாயமான அளவுக்கு வந்துவிடுகிறது.

போன் நகரில் மாலை ஐந்து மணிக்கு இறங்கினோம். 1443-ல் ஏழை நோயாளிகளுக்காகக் கட்டிய மருத்துவமனை அங்கே இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு ஓடுகளைக் கோலம்போல் அடுக்கிய கூரை. உடனே அதைப் பார்க்க நடந்தே போனோம். நண்பர் வழியில் நின்று, "அண்ணா, நாம காலைல எத்தனை மணிக்குக் கிளம்பினோம்?" என்று கேட்டார். மூன்றரை என்றேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "சாப்பிட்டுட்டு இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?" என்றார். எலக்ட்ரிக் வண்டிக் கேள்வியை அவர் அதற்குப் பிறகு கைவிட்டாரா என்றால், இல்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் கேட்டார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

மறுநாள் ஜூரா மலை. பொலின்யி, ஷாம்பன்யோல், மொரே என்று ஏறி, 1,323 மீட்டரில் ஃபோசில் கணவாயைத் தாண்டி ஜெனிவா பக்கம் இறங்கும் பழைய சாலை. இங்கேதான் வண்டியின் எடை தெரியும். எஞ்சினின் பெரும்பகுதி முன் அச்சுக்கு முன்னாலேயே தொங்குகிறது. கொண்டையூசி வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்தால் முன்சக்கரம் வெளிப்பக்கமாகத் தள்ளும். ஸ்டியரிங்கை இன்னும் திருப்பிப் பயனில்லை, காலை எடுக்க வேண்டும். ஆகவே நேர்ப்பகுதியிலேயே பிரேக்கை முடித்துவிட்டு, மெதுவாக உள்ளே விட்டு, வளைவு திறக்கத் தொடங்கியதும் சக்தியைக் கொடுத்தால் நான்கு சக்கரமும் தரையைப் பிடித்துக்கொண்டு மேலே தூக்கும். இந்தத் தாளம் கை வந்துவிட்டால் மலைச்சாலையும் இனிமைதான். ஸ்போர்ட்ஸ் கார்போல் ஓட்டப் பார்ப்பவர்களுக்கு இந்த வண்டி பிடிக்காது. 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் முன் அச்சை 135 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினார்கள். அந்த ஒரு மாற்றத்தால் வளைவில் நுழைவது அடியோடு மாறிவிட்டது. என் வண்டியை ஓட்டியவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கணவாயைத் தாண்டி இறங்கும்போது மரங்கள் விலகி ஜெனிவா ஏரியும், அதற்கு அப்பால் மோன் பிளான் சிகரமும் ஒரே பார்வையில் வந்தன. வெயில் இல்லாத நாளில் அதுவும் கிடைக்காது, எங்களுக்குக் கிடைத்தது.

உள்ளே உட்கார்ந்திருக்கும் அனுபவத்தைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிதான். இந்த வண்டியின் உள்பக்கத்தை நான் பார்த்து அல்ல, தொட்டு அறிந்திருக்கிறேன். ஏசி காற்று வரும் துவாரங்கள் வட்டமான குரோமிய உலோகம். பக்கத்தில் சின்னக் குமிழ், பழைய தேவாலய ஆர்கனில் இருப்பதைப் போன்றது. இழுத்தும் தள்ளியும் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். பனிக்காலக் காலையில் அந்தக் குமிழைப் பிடித்தால் விரல் சில்லிடும். உலோகம் போலத் தெரியும் பிளாஸ்டிக் என்றால் அப்படிச் சில்லிடாது. டேஷ்போர்டில் உள்ள வால்நட் மரத்தகடு ஒரே மரத்துண்டிலிருந்து சீவி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் புத்தகத்தைத் திறந்ததுபோல் வைத்தது. இடப்பக்கம் ஒரு சுழி இருந்தால் வலப்பக்கம் அதன் நிழல் இருக்கும். தோலுக்குக் காளைமாட்டுத் தோலைத்தான் எடுக்கிறார்கள். கன்று ஈன்ற பசுவின் தோலில் விரிசல் கோடுகள் விழும். குளிர்நாட்டு மாடுகள்தான் வேண்டும், பூச்சிக்கடி குறைவு என்பதால். முள்கம்பி வேலி இல்லாத மேய்ச்சல் நிலம் வேண்டும், கீறல் இருக்கக் கூடாது என்பதால். இருபது வருடமாக ஆட்கள் ஏறி இறங்கிய என் டிரைவர் சீட்டின் வெளி விளிம்பில் தோல் மினுக்கம் கொண்டிருக்கிறது, சுருங்கியிருக்கிறது, ஆனால் ஒரு தையல்கூட விடவில்லை. கதவுக் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு விரல் அகலம் தானாக இறங்கும், கதவு மூடியதும் ஏறிப் பொருந்தும். இத்தனை நாளுக்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பின்சீட்டு இரண்டு பேருக்கு என்பார்கள். என் மகள் பள்ளிக்கூடச் சின்ன வகுப்புகளில் இருந்தவரை வசதியாக உட்கார்ந்தாள். இப்போது முட்டி இடிக்கிறது. டிக்கி மட்டும் இரண்டு பெரிய பெட்டியை விழுங்கும்.

இனி செலவு. யானை கட்டித் தீனி போடுகிற வேலை என்று நம் ஊரில் சொல்வது இதற்குத்தான் பொருந்தும். வண்டியின் விலை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தாலும் பாகங்களின் விலை குறையவில்லை. நீங்கள் இருபதாயிரம் பவுண்டு வண்டியை வாங்கவில்லை. 1,10,000 பவுண்டு வண்டியை இருபதாயிரத்துக்கு வாங்கியிருக்கிறீர்கள். அதைப் பராமரிக்கும் செலவு அந்தப் பழைய விலையின் கணக்கில்தான் வரும். சில பாகங்கள் ஃபேட்டனுக்கும் இதற்கும் பொது என்பதால், விவரம் தெரிந்த மெக்கானிக் அந்த வழியில் கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தருவார். அப்படிப்பட்டவரைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் வண்டியைத் தேடுங்கள் என்பேன்.

பார்த்து வாங்கப் போகிறவர்கள் பதிவுத் தேதியைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் இதன் சாலை வரி கரியமில வாயு அளவைப் பொறுத்தது. இந்த வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 410 கிராம், பட்டியலின் உச்சியில். ஆனால் 2006 மார்ச் 23-க்கு முன்பு பதிவானவற்றுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதற்குப் பின் பதிவானவை மேல் அடுக்குக்குப் போய்விடும். ஒரே மாடல், ஒரே எஞ்சின், சில வாரங்கள் தள்ளிப் பதிவானதால் வருடா வருடம் பல நூறு பவுண்டு கூடுதல். அடுத்து, இரவு முழுக்க நிறுத்திய வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு மூலை படிந்திருந்தால் ஏர் சஸ்பென்ஷனில் எங்கோ காற்று கசிகிறது. கசிவை நிரப்ப கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் தேய்ந்திருக்கும். குறைந்த ஓட்டம் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

ஏனென்றால் இந்த வண்டியைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, நிறுத்தி வைப்பது. டிக்கியில் இரண்டு பேட்டரி, ஒன்று ஸ்டார்ட் செய்ய, மற்றது மின்சாதனங்களுக்கு. வாரக்கணக்கில் நிறுத்தினால் இரண்டும் வடியும். மின்னழுத்தம் குறைந்த வண்டி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகளை எல்லாம் எரியவிடும். பார்க்கிறவர் எல்லாமே போச்சு என்று பயந்துவிடுவார். ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. பிரேக் டிஸ்க் துருவேறுகிறது. ஏர் ஸ்பிரிங்கின் மடிப்பு ஒரே இடத்தில் நின்று நின்று அங்கேயே கிழிகிறது. வார இறுதியில் எடுத்து ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்துவிட்டுத் திரும்பத் துணி போர்த்துவதிலும் பயனில்லை. அந்தத் தூரத்தில் எண்ணெய் முழுச்சூட்டுக்கு வருவதற்குள் வீடு வந்துவிடும். ஒரு நீண்ட பயணம் போய்வந்த பிறகு என் வண்டி எப்போதும் நன்றாக ஓடுகிறது. இது மனப்பிரமை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு வேலை செய்யும் மெக்கானிக் சொல்வதில்லை.

2012-ல் வந்த 4 லிட்டர் வி8 வண்டியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. தேவைப்படாதபோது நான்கு சிலிண்டரை நிறுத்திவிடும், பெட்ரோல் வெகுவாக மிச்சமாகும், மூக்கின் பாரம் குறைவு, குரலும் நன்றாக இருக்கும். புத்தியால் தேர்ந்தெடுத்தால் அதுதான் சரியான வண்டி. டபிள்யூ12-ன் நாள் முழுக்க நீடிக்கும் அந்த அமைதி அதில் இல்லை என்பது என் அபிப்பிராயம். 2024 ஜூலையோடு டபிள்யூ12 தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், ஒரு லட்சத்துக்கும் மேல் செய்த பிறகு. இப்போதைய புது வண்டியின் 'ஸ்பீடு' மாடலில் வி8-டன் மின்மோட்டார். 782 பிஎஸ், 1,000 நியூட்டன் மீட்டர், 25.9 கிலோவாட் மணி பேட்டரி, மின்சாரத்தில் மட்டும் 81 கிலோமீட்டர் வரை ஓடும் என்கிறார்கள். எடை இன்னும் ஏறி 2,459 கிலோ. விடிகாலையில் அக்கம்பக்கம் எழாமல் தெருவை விட்டு வெளியேறி, நெடுஞ்சாலையில் எஞ்சினை எழுப்புவது என்பது கிராண்ட் டூரருக்குப் பொருத்தமான குணம்தான். சத்தமில்லாத இழுவிசை இந்த வகையின் இயல்புக்கு எதிரி அல்ல என்பதை 1,600 ஆர்பிஎம்-மில் என் வண்டியே சொல்லித்தந்திருக்கிறது.

வரும் ஜனவரியில் என் வண்டியின் எஞ்சினை இறக்கப் போகிறோம். எஞ்சின் பெட்டிக்குள் கை நுழைய இடமில்லை. டர்போக்கள் பின்பக்கம் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன, அந்தச் சூட்டில் வெந்துகொண்டிருக்கும் வாக்குவம் குழாய்களையும் கூலன்ட் குழாய்களையும் மாற்ற, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சப்ஃபிரேமோடு கீழே இறக்கி உடலை மேலே தூக்குவதுதான் ஒழுங்கான வழி. எல்லாம் இருபது வயதான ரப்பர். இப்போது ஒன்றும் கசியவில்லை, ஆனால் கசியும் வரை காத்திருந்தால் அது பிரான்சில் எங்காவது ஒரு டோல் பூத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கும். கூலியில் பெரும்பகுதி இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும்தான், ஆகவே இறக்கிய கையோடு பன்னிரண்டு ஸ்பார்க் பிளக், டர்போவின் எண்ணெய்த் திரும்புகுழாய் சீல்கள், எஞ்சினைத் தாங்கி அதிர்வை அடக்கும் மவுண்ட், முன் சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். மொத்தம் கூட்டினால் வண்டியின் இன்றைய விலையில் பாதியை நெருங்குகிறது. மவுண்டுக்கு மட்டும் மெக்கானிக் இரண்டு விலை சொன்னார், வெளி மார்க்கெட் சாமான் ஒன்று, கம்பெனி சாமான் ஒன்று, ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். கம்பெனி சாமானையே போடச் சொல்லிவிட்டேன். 130-ல் போகும்போது ஸ்டியரிங்கில் எதுவும் தெரியக் கூடாது.